சின்ன அப்பாவின் மகன்

கோடை விடுமுறை வந்தால் ஜேர்மன்காரனுக்குத் தலைகால் தெரியாது. நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, பொதுக் கழிவறைக்கு வரிசையில் நின்று, அதற்குக் காசும் கொடுத்துவிட்டுப் போவான். அந்தக் கழிவறைகளைக் கழுவுவதுதான் அல்பேர்ட்டின் வேலை. ஏப்ரலில் தொடங்கி ஒக்ரோபரில் முடியும். குளிர் வந்தால் காம்பிங்கும் இல்லை, வேலையும் இல்லை. கூடாரத்தில் இருப்பவர்கள் அகதிகள் மட்டுந்தான் என்று மன்னாரில் இருந்தபோது அவன் நினைத்திருந்தான்.

வேசர் ஆற்றங்கரையில் சின்ன ஊர் அது. இருநூறு வருடங்களுக்கு மேல் இருக்கும், அங்கே பெரிய சண்டை ஒன்று நடந்து, ஒரே காலையில் ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்களாம். ஊர் இன்றைக்கும் அந்தச் சாவை வைத்துத்தான் பிழைக்கிறது. பேக்கரியில் பீரங்கிக்குண்டு என்று ஒரு இனிப்புப் பணிஸ் விற்கும். ஆகஸ்டில் சண்டை விழா. வயது வந்த ஆண்கள் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு வயலில் வெடி வைப்பார்கள். செத்தவன் பத்து நிமிடத்தில் எழும்பிப் புல்லைத் தட்டிவிட்டு பியர் குடிக்கப் போவான். சண்டை இப்படி இருந்திருந்தால் அல்பேர்ட் ஏன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வரப்போகிறான்?

1994 ஏப்ரலில் புதுக் குளியலறைக்குக் குழாய் பதிக்க அவன்தான் கிடங்கு வெட்டினான். இடுப்பளவு ஆழத்தில் ஒரு மண்டையோடு தட்டுப்பட்டது. கிடங்குக்குள்ளேயே முழங்காலில் இருந்து சிலுவை அடையாளம் போட்டான். தன் சட்டையைக் கழற்றி அதை மூடினான். பிறகுதான் முதலாளியம்மா ஃபிராவ் கோர்டஸிடம் ஓடினான். எலும்புகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். சாகும்போது முப்பது வயது இருக்கலாம் என்றார்கள். எந்த நாட்டான், எந்தப் படை என்பது தெரியவில்லை. விழாவின் முதல் நாளான வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, காம்பிங் வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள புல்வெளியில், ஊர் மரியாதையோடு அடக்கம் செய்வதென்று முடிவாயிற்று. கண்டெடுத்தவன் என்ற முறையில் அல்பேர்ட்டும் ஒரு பிடி மண் போடவேண்டும்.

விழா நடக்கிற கிழமை, திங்கட்கிழமை காலை, பீலெஃபெல்டில் இருந்து அவனுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியது வெரோனிக்கா, தம்பி பென்ஜமினின் மனைவி.

“அண்ணை… அவர் போயிட்டார் அண்ணை.”

“ஆர் பிள்ளை? எங்கை?”

“வேலைக்கு வெளிக்கிட்டவர். படியிலை இருந்தவர், எழும்பேல்லை. நெஞ்சு எண்டு சொல்லுகினம்.” அவள் மூச்சு வாங்கினாள். “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் எண்டு டெர்மின் தந்திருக்கினம். முதல் பிடி மண் நீங்கள்தான் போடவேணும். அவருக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?”

“வாறன் பிள்ளை. கட்டாயம் வாறன்.”

பென்ஜமின் அல்பேர்ட்டின் சித்தப்பாவுடைய மகன். சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் பென்ஜமினுக்கு மூன்று வயது. சித்தி அதற்கு முதலே செத்துப்போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரே வீடு, ஒரே பாய். கோயிலுக்குப் போட ஒரே நல்ல சட்டை, முதல் பூசைக்கு ஒருவன், இரண்டாம் பூசைக்கு மற்றவன். அல்பேர்ட்டுக்கு அவன் தம்பி. அந்த உறவுக்கு வேறு பெயர் இருக்கிறதென்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை.

வாறன் என்று சொன்னவனுக்கு நினைத்தவுடன் போகமுடியாது. அவனுடைய அகதி விண்ணப்பம் மூன்று வருடமாக முடிவில்லாமல் கிடந்தது. அதுவரை இந்த மாவட்டத்தை விட்டு வெளியே காலடி வைக்கக்கூடாது. பீலெஃபெல்ட் அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் அது வேறு மாவட்டம், அதற்கென்று தனியாக அனுமதி வாங்கவேண்டும். போன வருடம் பென்ஜமினின் மகளுக்கு ஞானஸ்நானம் என்று கேட்காமல் போய் ரயிலில் பிடிபட்டு, குற்றப்பணம் கட்டினான். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கு, வழக்கு வந்தால் விண்ணப்பம் பாழ் என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். மடு அகதி முகாமில் மனைவி டொறத்தியும் மகள் எவ்லினும் அந்த விண்ணப்பம் ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனான். ஹெர் லூடர்ஸ் நல்ல மனிதர். கோபப்படமாட்டார், காத்திருக்க வைக்கமாட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில், சிவப்புக் கோட்டுப் போட்டு அவர் மேளம் அடிக்கிற படம் தொங்கியது. அல்பேர்ட்டைக் கண்டதும் எழும்பிக் கைகொடுத்தார்.

“எங்கள் வீரனைக் கண்டெடுத்தவர் அல்லவா! என்ன உதவி வேண்டும்?”

“மைன் ப்ரூடர் செத்துப்போனார். பீலெஃபெல்டில். வெள்ளிக்கிழமை அடக்கம்.”

“உங்கள் சகோதரனா? மிகவும் வருந்துகிறேன்.”

உண்மையாகவே வருந்தினார். படிவம் ஒன்றை எடுத்துத் தானே நிரப்பினார். முத்திரையைக் கூடக் கையில் எடுத்துவிட்டார். பிறகுதான் வழக்கப்படி கோப்பை விரித்தார். முத்திரை அந்தரத்தில் நின்றது.

“விசாரணையில் உங்களுக்கு இரண்டு சகோதரிகள் மட்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதோ, உங்கள் கையெழுத்து.”

மூன்று வருடத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளர் கேட்டது அல்பேர்ட்டுக்கு நினைவு வந்தது. கூடப்பிறந்த ஆக்கள் எத்தினை பேர்? பைபிளில் கைவைத்தவன் போல, உள்ளதை உள்ளபடி, இரண்டு அக்கா என்று சொன்னான். ஒரே பாயில் படுத்தது யார் என்று அந்த மனிதர் கேட்கவில்லையே.

சித்தப்பாவுக்கு ஜேர்மன் மொழியில் என்னவென்று தெரியவில்லை. சொல்லை இரண்டாகப் பிரித்து அப்படியே கொடுத்தான். “என்னுடைய க்ளைனர் ஃபாட்டர். சின்ன அப்பா. அவருடைய மகன்.”

லூடர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களுக்கு எத்தனை அப்பா, ஹெர் அல்பேர்ட்?”

அப்பா, அப்பாவுக்குத் தம்பி, அவருக்கு மகன் என்று விரல் மடித்துக் காட்டினான்.

“ஓ! கசின்.”

“கசின் இல்லை. ப்ரூடர்.”

“இல்லை, அது கசின்.” சின்னப் பிள்ளைக்குக் கணக்குத் திருத்துகிற மாதிரிச் சொன்னார். “கசின் நெருங்கிய உறவு ஆகாது. இதற்கு என்னால் அனுமதி தரமுடியாது.” பிறகு குரலைத் தணித்தார். “இன்று நீங்கள் சகோதரன் என்று சொன்னதை நான் கோப்பில் எழுதினால், முடிவெடுக்கிறவர்கள் உங்களைப் பொய்யன் என்று நினைப்பார்கள். நான் எழுதவில்லை. உங்களுக்காகத்தான்.”

படிவத்தைக் கிழித்தார். முத்திரையை மேசை லாச்சிக்குள் வைத்தார். அல்பேர்ட் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். பின்னால் அந்த நன்றியை நினைத்தபோதுதான் அவனுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

வியாழன் பின்னேரம் கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனான். பிடித்தால் பிடிக்கட்டும் என்ற ஓர்மத்தோடுதான் போனான். ரயில் வந்து கதவு திறந்தது. எவ்லின் கடைசியாக அனுப்பிய கடிதத்தில், அப்பா எங்களை எப்ப கூப்பிடுவீங்கள் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். கதவு மூடும்வரைக்கும் அவன் மேடையில் நின்றான்.

ஸ்டேசன் தொலைபேசியில் வெரோனிக்காவை எடுத்தான்.

“ஏலாதாம் பிள்ளை.”

“ஏன் அண்ணை? செத்தவீட்டுக்குமோ விடமாட்டினம்?”

“நான் அவனுக்கு அண்ணன் இல்லையாம்.”

“அப்ப பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? பெரியப்பா வருவார், வருவார் எண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்குதுகள்.”

காசு முடிந்து தொலைபேசி தானாக நின்றது.

வெள்ளிக்கிழமை காலை கழிவறைகளைக் கழுவிவிட்டு, புல்வெளியில் எண்பது கதிரைகள் போட்டான். பதினொரு மணிக்குச் சனம் வந்து இருந்தது. சிவப்புக் கோட்டுக்காரர் எட்டுப் பேர் ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். ஒரு ஆள் தோளில் வைத்தால் போதும், அவ்வளவு பாரமில்லாத பெட்டி. முன்னால் லூடர்ஸ் மேளம் அடித்துக்கொண்டு வந்தார். பீலெஃபெல்டிலும் இப்போது பெட்டியைத் தூக்கியிருப்பார்கள் என்று அல்பேர்ட் நினைத்தான். அந்தப் பெட்டி பாரமாகத்தான் இருக்கும்.

போதகர் பேசினார். “இவன் யார் பெற்ற பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. எந்த மொழி பேசினான், எந்தப் பக்கம் நின்று சுட்டான், தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. இவன் எங்கள் சகோதரன்.”

ப்ரூடர் என்றார். சுத்தமான, ஊர்ச் சனமெல்லாம் கேட்கிற ப்ரூடர். அல்பேர்ட்டுக்குக் காது சுட்டது. பெயர் இல்லாத எலும்புக்கு ஒரு கடதாசி இல்லை, கோப்பு இல்லை, எத்தனை அப்பா என்று கேட்க ஆளில்லை. போதகர் ஒரு சொல் சொன்னார், மேயர் தலையைக் குனிந்தார், உறவு ஆகிவிட்டது. அவ்வளவு லேசான காரியமா இது?

மண் போட அவன் முறை வந்தது. குனிந்து அள்ளினான். கை விரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைப் பார்த்தபடி, ஜேர்மன் சனத்துக்கு நடுவில், பெருங்குரல் எடுத்துக் கத்தினான்.

“தம்பி! பென்ஜமின்! அண்ணன் வந்திட்டனடா!”

மண் விழுந்தது. அவனும் புல்லில் விழுந்து, வெட்கம் கெட்டு, வாய்விட்டு அழுதான். முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். பத்திரிகைக்காரன் மூன்று படம் எடுத்தான். ஃபிராவ் கோர்டஸ் வந்து அவனைப் பிடித்துத் தூக்கினாள்.

எல்லாம் முடிந்தபின் லூடர்ஸ் அவனைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது.

“ஹெர் அல்பேர்ட், என் வாழ்க்கையில் இப்படிப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்காக எங்கள் ஆட்கள் இப்படி அழமாட்டார்கள்.”

அல்பேர்ட் அவர் முகத்தை நேரே பார்த்தான். “ப்ரூடர்,” என்றான். செருமிவிட்டு இன்னொரு முறை சொன்னான். “மைன் ப்ரூடர்.”

லூடர்ஸ் அவன் தோளை இறுகப் பிடித்தார்.

“உண்மை,” என்றார். “நாங்கள் எல்லாரும் சகோதரர்கள்தானே.”

மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பியர்க் கொட்டகைப் பக்கம் போனார். கதிரைகளை மடிக்கச் சொல்லி முதலாளியம்மா அல்பேர்ட்டைக் கூப்பிட்டாள்.