உருளைக்கிழங்கு ஒத்தடம்

பொலிவியாவில் ஓருரோவிலிருந்து லாபாஸுக்குப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த எவாரிஸ்தோவுக்கு, பாதி வழியில் இடது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. கணுக்கால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி. ஒரு மாதமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவந்தவருக்கு இன்று கிளட்ச்சை மிதிக்கவே முடியவில்லை. எப்படியோ வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னய்யா, நடுக்காட்டுல நிறுத்திட்ட?" என்று பின்னாலிருந்து கசிமிரோ என்ற பயணி கத்தினார்.

"காலு வரமாட்டேங்குதுங்க."

முன் சீட்டிலிருந்து புருதென்சியா எழுந்து வந்தாள். சந்தையில் விற்க அவித்த உருளைக்கிழங்கை, சூடு ஆறாமல் கம்பளியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"இடுப்புலேருந்து இழுக்குதா தம்பி? எங்க வீட்டுக்காரருக்கும் இதே நரம்புதான். பின்சீட்டுல குப்புறப் படு."

"இத்தனை பேருக்கு முன்னாடியா அக்கா?"

"உன் அழகை யாரு பாக்கப் போறா? படு."

இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அவள் மூட்டையைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். அவர் இடுப்பின் மீது துண்டொன்றை மடித்துப் போட்டு, அதன் மேல் மூட்டையை வைத்தாள்.

இறுகிக் கிடந்த சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எவாரிஸ்தோவின் கண் கலங்கியது. தனியாக வாழும் அவரிடம் 'வலிக்கிறதா' என்று இந்த ஒரு மாதத்தில் யாருமே கேட்டதில்லை.

கத்திய கசிமிரோ அருகில் வந்தார். "நான் பஸ்ஸும் லாரியும் ஓட்டினவன்தான், லைசென்ஸ் இருக்கு. நான் எடுக்கறேன், நீ படு. கோபத்துல பேசிட்டேன்."

வண்டி நகர்ந்தது. சந்தை நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

"உங்க வியாபாரம் போச்சே அக்கா."

"போகட்டும். உன் இடுப்புல உக்காந்த கிழங்கை இனி யாரு வாங்குவா?"

"எனக்கு ரெண்டு குடும்மா, பசிக்குது!" என்றது ஒரு குரல். பேருந்தே சிரித்தது. மூட்டை காலியாகிவிட்டது.

லாபாஸில் மருத்துவர், நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். வெந்நீர்ப் பை ஒத்தடம், நடை, உடற்பயிற்சி, ஆறு வாரம் ஓய்வு. எல்லாவற்றையும் எவாரிஸ்தோ ஒழுங்காகச் செய்தார்.

திரும்ப வேலைக்கு வந்த முதல் நாளே, சாலையோரம் நின்ற புருதென்சியாவைக் கண்டதும் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நன்றியை விட்டுவிட்டு, இடது காலைத் தூக்கிக் காட்டினார்.

"கால் வந்துடுச்சு அக்கா," என்றார்.

"அப்படியா? ஆடிக் காட்டு பாப்போம்."

ஜன்னல்களில் எட்டிப் பார்த்த பயணிகளைப் பொருட்படுத்தாமல், அந்தத் தார்ச்சாலையில் எவாரிஸ்தோ இரண்டு அடி ஆடிக் காட்டினார்.