கூரை மேல் மழை

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது பேசோ. எங்கள் நாட்டுப் பணத்தில் சார் க்ரெய்க் என் மனைவி மெர்லிக்குத் தர வேண்டிய பாக்கி இது. ஆளை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் குழாய் ரிப்பேர் கம்பெனி வைத்திருக்கிறான். அங்கே யார் வீட்டிலாவது வெந்நீர் வரவில்லையென்றால் அவர்கள் செய்கிற போன் நெக்ரோஸ் தீவில் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேரும். மெர்லி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தேன் ஒழுகப் பேசி, எந்த ஆளை எந்தத் தெருவுக்கு எப்போது அனுப்புவது என்று கம்ப்யூட்டரில் போடுவாள். மணிக்கு நான்கு டாலர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் ஓடும். அது அடிக்கடி அவள் திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பும். கரண்ட் போனால் கடிகாரம் நின்றுவிடும். எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அந்த நேரங்களில் மெர்லி சும்மா இருந்ததில்லை. தன் காசில் மொபைலுக்கு நெட் போட்டு, வேர்வை வழிய அதிலேயே பேசி வேலையை முடித்தாள். ஆனாலும் கடிகாரம் ஓடாத நேரத்துக்குக் கூலி கிடையாது என்று மூன்று மாதமாகப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அது ஜூலை மாதம். கரும்பாலை மூடியிருக்கும். கரும்பு வெட்ட என்னைப் போன்றவர்களைக் கூப்பிட மாட்டார்கள். இந்தக் காலத்தை நாங்கள் செத்த மாதம் என்போம். என் கத்தி சாக்கில் சுருட்டிக் கிடந்தது. என் முதுகும் அப்படித்தான். வீடு முழுக்க மெர்லியின் தொண்டையை நம்பி நடந்தது. கூரையோ பழைய ஓலைக்கூரை, நாலு இடத்தில் ஒழுகியது. அவள் கம்ப்யூட்டருக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு கட்டியிருந்தேன். அந்த மாதச் சீட்டு அவளுடைய முறை. எடுத்துத் தகரம் போட்டுவிடலாம் என்று இருந்தோம்.

சீட்டு என்றால் ஐந்து பெண்கள், தலைக்கு ஐயாயிரம். ஐந்து பேருமே சார் க்ரெய்க்கிடம் வேலை செய்பவர்கள். கோரிங் அக்காதான் முதலில் சேர்ந்தவள். மற்ற நால்வரையும் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். பதினைந்தாம் தேதி கூலி வந்ததும் மறுநாள் அவள் வீட்டில் கூடி, பிஸ்கட் டப்பாவில் பணம் போடுவார்கள். அன்று மெர்லியோடு நானும் போயிருந்தேன். டப்பா ஒரு சுற்று வந்தது. எண்ணிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. எங்கள் ஊரில் ஏன் குறைந்தது என்று கேட்பது கேட்கிறவருக்கே அவமானம். கோரிங் அக்கா தன் பன்றிக்குக் காய்ச்சல் என்றாள். இன்னொருத்தி பிள்ளை பீஸ் என்றாள். மெர்லி தரையைப் பார்த்தாள். அவளும் முழுதாகப் போடவில்லை.

ஐவரில் தெருவுக்கே கேட்கிற குரல் டிவினாவுக்கு. அவள்தான் உடைத்தாள். "அக்கா, உங்க பன்னிக்குக் காய்ச்சல், எம் புருஷன் பைக்குக் காய்ச்சல், இவ பீஸுக்குக் காய்ச்சல். ஒரே தேதியில ஊருக்கே காய்ச்சல் வருமா? நாஞ் சொல்றேன். அந்தாளு எனக்குக் கரண்ட் போன நேரத்தைப் பிடிச்சிட்டான். நான் மட்டும் சரியா வேலை செய்யலன்னு நெனச்சு வாயைத் தெறக்கல."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஐந்து பேருக்கும் பிடித்திருந்தான். ஐந்து பேரிடமும் கூலி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தான். தன் வேலைதான் மட்டம் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறார்கள். கோரிங் அக்கா டப்பா மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டாள், "உனக்கு மணிக்கு எவ்ளோ மெர்லி?"

"நாலு டாலர்க்கா."

"எனக்கு மூணு" என்றாள். "உங்க அத்தன பேருக்கும் கத்துக்குடுத்தவளுக்கு மூணு."

ஞாயிற்றுக்கிழமை மெர்லி கடிதம் எழுதினாள். எனக்குப் பயம். இருக்கிற வேலையும் போய்விட்டால் செத்த மாதத்தில் என்ன தின்பது? அதைச் சொல்லாமல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எழுத்துக்கூட்டினேன். நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு எழுத்து தெரியும். ஊர்க்கூடத்தில் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில் கற்றது. எங்கள் பாஷைக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எழுத்துதான் என்பதால் அர்த்தம் புரியாவிட்டாலும் வாசித்துவிடுவேன். ஒரு சொல் மட்டும் வரிக்கு வரி வந்தது.

"அந்தாளோட முழுப் பேரு க்ரெய்க் சாரியா?" என்றேன்.

மெர்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பழைய கடிதங்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கரண்ட் போன ஒவ்வொரு முறையும் சாரி சாரி என்று மன்னிப்புக் கேட்டிருந்தாள். எங்கள் வளர்ப்பு அப்படி. அடுத்தவன் நம் காலை மிதித்தாலும் நாம்தான் மன்னிப்புக் கேட்போம். அவனோ ஒவ்வொரு பிடித்தத்துக்கும் கீழே, தவறை நீயே ஒப்புக்கொண்டாயே என்று எழுதியிருந்தான்.

"மரியாதைக்குச் சொன்னா, குத்தத்த ஒத்துக்கிட்டேன்னு வச்சிருக்கான்" என்றாள். எழுதியதையெல்லாம் அழித்தாள். புதிதாக எழுதியது சின்னக் கடிதம். ஐந்து பேருக்கும் பாக்கி முழுதாக வர வேண்டும். ஐந்து பேருக்கும் இனி மணிக்கு ஐந்து டாலர். கரண்ட் போய் மொபைலில் வேலை பார்க்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. அதுவரை போன் எடுக்க மாட்டோம். கீழே ஐந்து பெயர்கள். கோரிங் அக்கா பெயர் முதலில்.

திங்கட்கிழமை காலை ஐந்து பேரும் கோரிங் அக்கா வீட்டில் உட்கார்ந்தார்கள். நான் காப்பி போட்டேன். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம், வாரத்தின் முதல் நாள். வெந்நீர் வராதவர்கள் எல்லாம் கூப்பிடுகிற நேரம். ஐந்து கம்ப்யூட்டரும் அணைந்து கிடந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. காப்பி ஆறியது. டிவினாகூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

முதல் செய்தி மெர்லியின் மொபைலில் வந்தது. எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். பன்றிக் கொட்டகை ஓரமாக நின்று எனக்கு மெதுவாகப் படித்துச் சொன்னாள். என் ஆட்களிலேயே நீதான் சிறந்தவள். உன் பாக்கியை மட்டும் இன்றைக்கே அனுப்புகிறேன். மற்றவர்களிடம் சொல்லாதே. உடனே வேலைக்கு வா.

வானம் கறுத்திருந்தது. எனக்கு ஓலைக்கூரை ஞாபகம் வந்தது. "வாங்கிக்கோ மெர்லி" என்றேன். "தகரம் போட்றலாம். அவங்க கேட்டா கரண்ட் இல்லன்னு சொல்லிக்கலாம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நான் பேசத் திணறுன காலத்துல கோரிங் அக்கா ஒரு மாசம் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க, எப்ரேன். மூணு டாலருக்கு" என்றாள். உள்ளே போனாள். மொபைலை மேசை நடுவில் வைத்து எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படித்தாள்.

படித்து முடிப்பதற்குள் டிவினாவின் மொபைல் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் கண்ணை அகல விரித்தாள். "ஏய், என் ஆட்களிலேயே நீதான் சிறந்தவளாம்! மெர்லி, எறங்குடி கீழ. நாந்தான்டி சிறந்தவ!"

அடுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. எழுத்து மாறாமல் அதே செய்தி. பேரை மட்டும் மாற்றியிருந்தான். ஒன்றில் அதையும் மாற்ற மறந்திருந்தான். கடைசியாகக் கோரிங் அக்காவுக்கு வந்தபோது அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதா கோயிலில் பைபிள் வாசிப்பதுபோல் எழுந்து நின்று வாசித்தாள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அடுத்த வீட்டு ஆள் என்ன கல்யாணமா என்று எட்டிப் பார்த்தான். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

ஐந்து செய்திக்கும் ஒரே பதில்தான் போனது. அக்காதான் தட்டினாள். சார், நாங்கள் ஐந்து பேரும் ஒரே மேசையில் இருக்கிறோம்.

மத்தியானத்துக்குள் அவன் இறங்கிவந்தான். குழாய்க்காரர்கள் எந்தத் தெருவுக்குப் போவதென்று தெரியாமல் வண்டிகளில் உட்கார்ந்திருந்தார்களாம். இரண்டு நாள் கழித்து, சோறு தின்றுகொண்டிருந்தபோது மெர்லியின் மொபைல் சிணுங்கியது. பக்கத்து வீட்டில் ஒன்று. எதிர் வீட்டில் ஒன்று. தெருக்கோடியிலிருந்து டிவினாவின் கூச்சல் வந்தது. மெர்லி எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி, இடது கையால் மொபைலை என் பக்கம் திருப்பினாள். நான் ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஒரு காசு குறையவில்லை.

தகரத்தை நானே ஏற்றி அடித்தேன். முதுகு வலித்தது, வலிக்கட்டும் என்று அடித்தேன். கடைசி ஆணி அடித்த மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. ஓலையில் விழும் மழைக்குச் சத்தம் கிடையாது. தகரத்தில் விழுந்தது லாரியிலிருந்து சரளைக்கல் கொட்டுவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மெர்லி நிதானமாக மொபைலை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ எதையோ கத்துகிறார்கள். அவள் வாய் வழக்கமான அந்தச் சொல்லுக்குக் குவிந்தது. குவிந்தபடியே கொஞ்சம் நின்றது. பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க சார்" என்றாள். "எங்க வீட்டுல மழை பெய்யுது."