நாகமலை தாண்டிய கொடி

சோழவந்தானில் வெள்ளைத்துரையின் கொடிக்காலில் இருந்த ஒரு வெற்றிலைக்கொடி அகத்திமரத்தை விட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, நாகமலையை ஏறிக் கடந்து, மலைக்கு அந்தப்பக்க அடிவாரத்துப் புதுக்கோட்டையில் ரோகிணி குடியிருந்த மாடிவீட்டுச் சன்னலைப் பிடித்தது. ஆனியில் புறப்பட்டது, ஐப்பசியில் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் மழை சுமார், வெற்றிலை விலையும் சுமார். மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் போகிற கொடியில் இரண்டு இலையைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டு, காரம் பரவாயில்லை என்றார்கள்.

ரோகிணி வேளாண்மைத் துறை அலுவலர். முந்தின வருஷம் வாடல் நோய் பார்க்க அந்தக் கொடிக்காலுக்கு ஒரே ஒருமுறை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், ஒரு கொடியைத் தொட்டாள், "இது பிழைச்சுக்கும்ங்க" என்று வெள்ளைத்துரையின் மகன் சூரியபிரகாஷிடம் சொன்னாள், ஜீப்பில் ஏறிப் போனாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் சூரியபிரகாஷுக்கு அன்றையிலிருந்து தினமும் ஏதாவது நடந்துகொண்டிருந்தது. காளவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் முகேஷ் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். ஒருநாள் சூரியபிரகாஷ் அந்தக் கடைக்கு வந்து, துறையிலிருந்து வந்த குறுஞ்செய்தியை முகேஷின் கண்ணெதிரே நீட்டினான்.

"மாவுப்பூச்சிக்கு மருந்து அடிங்கன்னு போட்டிருக்கு பாரு மாப்ள. எங்க கொடியில மாவுப்பூச்சியே கிடையாது. அப்ப இது எனக்குச் சொல்ற சேதிதான?"

"இது மாவட்டத்துல இருக்க அம்புட்டு விவசாயிக்கும் போகும்டா."

"அம்புட்டுப் பேருக்கும் அனுப்புனாத்தான் யாருக்கும் சந்தேகம் வராது. அவ வெவரமானவ."

முகேஷ் முதலில் சிரித்தான். காதல் வந்தவன் கிறுக்குத்தனம் பண்ணாமல் வேறு யார் பண்ணுவார்கள் என்று நினைத்தான். பிறகு சிரிப்பு நின்றுபோனது. சூரியபிரகாஷ் தூங்குவதை விட்டான். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தான். அவள் எந்த நேரமும் வரலாம் என்று ஒரே நாளில் காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் முகம் மழித்து, தாடையெல்லாம் ரத்தக்கீறல். எதிரில் ஆள் இல்லாதபோதும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். சிநேகிதன் கண்முன்னாலேயே தன்னைவிட்டு எங்கேயோ போகிறான் என்று முகேஷுக்குப் பட்டது. பயமாக இருந்தது. வெள்ளைத்துரையிடம் சொல்லிவிடலாம் என்று வந்தான். அன்றுதான் அவள் தொட்ட கொடி வேலியைத் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பியது.

"ஏப்பா, கொடியே அவளைத் தேடிப் போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் வெள்ளைத்துரை.

"கொடி போறது வேறங்கய்யா. இவன் தூங்குறானான்னு பாருங்க. டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருவோம்."

வெள்ளைத்துரைக்கு முகம் சுருங்கிவிட்டது. முகேஷின் அப்பா கண்ணுச்சாமி அதே கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். அந்த வீட்டில் அவர் மகன் காப்பி குடிக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லக் கூடாது. முகேஷுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

கொடி சன்னலைப் பிடித்ததும் முகேஷ் நேரே ரோகிணியிடம் போனான். அவள் கத்திரிக்கோலும் கையுமாக நின்றிருந்தாள். காலையில் வெட்டினால் மாலையில் திரும்ப வந்துவிடுகிறது, சன்னலைத் திறந்தே பல நாளாகிறது என்றாள். கொடிக்காலை அவளுக்கு ஞாபகம் இருந்தது. "சூரியபிரகாஷ்ங்கிறது யாருங்க?" என்று கேட்டாள். முகேஷ் அதை அப்படியே கொண்டுவந்து வெள்ளைத்துரையிடம் சொன்னான். பெண்பிள்ளை வேறு எப்படிச் சொல்லும் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் பெண் கேட்கப் போவது என்று பேச்சு. வெள்ளை வந்தது. கொடியைக் கேட்டாயிற்று, சாமியைக் கேட்டாயிற்று, அந்தப் பெண்ணைக் கேட்கவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரே வேன் பிடித்து, அதே கொடியில் பறித்த வெற்றிலையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் நின்றது. ரோகிணி கதவை முழுசாகத் திறக்காமல், "நீங்கல்லாம் யாரு? என்னை ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டாள். தட்டுகள் மெல்லக் கீழே இறங்கின. சூரியபிரகாஷ் மட்டும் பூரித்துப்போய் அப்பாவின் காதில் சொன்னான்: "எல்லார் முன்னாடியும் அப்படித்தாம்ப்பா சொல்லுவா. நாங்க பேசி வச்சதுதான்."

வெள்ளைத்துரை மகனின் முகத்தை அன்றுதான் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு முகேஷின் கையைப் பிடித்து, "வண்டியை எடுப்பா" என்றார்.

மதுரையில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெள்ளைத்துரை கொடியைப் பற்றிச் சொல்லி, இதற்கென்ன பதில் என்றார். "கொடி வளர்றதைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. இவர் தூங்கி எம்புட்டு நாளாச்சு?" என்று டாக்டர் கேட்டார். அதற்கு முகேஷ்தான் பதில் சொன்னான்.

தை பிறந்தபோது சூரியபிரகாஷ் தூங்கத் தொடங்கியிருந்தான். மாத்திரையில் உடம்பு ஊதி, நடை மெதுவாகி, ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து, "அந்தம்மாவுக்கு என் பேரே தெரியாதுல்ல மாப்ள" என்று சொல்லி வெகுநேரம் அழுதான். அழுது முடித்து அரிவாளை எடுத்து அந்தக் கொடியை வேரோடு வெட்டினான். மறுநாள் அதற்குப் பக்கத்துக் கொடி புறப்பட்டது. அதையும் வெட்டினான், அடுத்தது புறப்பட்டது. "நான் நிறுத்திட்டேன் மாப்ள. அது நிறுத்தல" என்றான். அப்புறம் ஞாயிறுதோறும் இரண்டு பேரும் பைக்கில் நாகமலைக்குப் போய், கொடி உச்சியைத் தாண்டும் முன் கொழுந்தை வெட்டிவிட்டு வருவது என்று ஆயிற்று. ரோகிணி சன்னலைத் திறந்துவைத்தாள். வாரம் தவறாமல் இப்படியே வருஷம் ஒன்று போய் இன்னொன்று பிறந்தது. கொடிவெட்டுக்குப் போகிறார்கள் என்று ஊர் சாதாரணமாகச் சொல்லப் பழகிவிட்டது.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு, மலைமேல் சூரியபிரகாஷ் அரிவாளைக் கீழே வைத்துவிட்டான்.

"இந்த வாரம் விட்ருவோம் மாப்ள. அங்க ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா."

முகேஷ் திரும்பிச் சிநேகிதனைப் பார்த்தான். அவன் தாடையில் புதுக்கீறல்கள் இருந்தன.

"மாத்திரை போடுறியா இல்லையா?"

"அதான் சரியாயிருச்சே. இன்னும் எதுக்கு?"

முகேஷ் வாதாடவில்லை. அரிவாளை எடுத்துக் கொழுந்தைத் தானே வெட்டினான். சிநேகிதனின் தோளில் கைபோட்டுக் கீழே கூட்டிவந்து, "டாக்டரைப் பாத்துட்டு வருவோம்" என்றான்.

"அவளும் வருவாளா?"

"நான் வாரேன்ல. ஏறு."

சூரியபிரகாஷ் ஏறி, சின்னப்பிள்ளை மாதிரி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அடிவாரத்தில் வேறொரு கொடி சாலையைக் கடந்துகொண்டிருந்தது. முகேஷ் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அது கடந்து முடிக்கும்வரை காத்திருந்தான்.