துணைக் கேள்வி

முதல் அடி ஓட்டுநரின் மண்டையில் விழுந்தது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் இருந்த கார் நிறுத்தத்தில், அவர் இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போன நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய். ஓட்டுநர் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிச் சிமெண்டுத் தரையில் பரவியது.

இரண்டாமவன் காருக்குள் கைவிட்டுக் குடைச்சலம்மாவின் தலைமுடியைப் பற்றி வெளியே இழுத்தான். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சபையில் நுழைந்த முதல் வருடமே அமைச்சர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. கேள்வி நேரம் வந்தால் விடாமல் குடைந்து எடுப்பாள் என்பதால் வந்த பெயர். அவளும் அதைப் பட்டம் போல வைத்துக்கொண்டாள்.

அவள் முகம் கார்க் கதவின் விளிம்பில் மோதியது. உதடு கிழிந்தது, முன்பல் ஒன்று ஆடியது. "கொன்னு தொலைச்சிடாதடா," என்றான் குழாய்க்காரன். "பதினொன்னு தாண்டுற வரைக்கும் புடிச்சு வெச்சா போதும்."

அந்த ஒரு பேச்சில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபாநாயகர் கேள்வி எண்ணைப் படிக்கும்போது, கேட்ட உறுப்பினர் தன் இருக்கையில் எழுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி செத்தது. அமைச்சர் எழுதிக் கொடுத்த பதில் மட்டும் அச்சில் நிற்கும், அதன் மேல் துணைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் கிடையாது. அமைச்சர்கள் அஞ்சுவதெல்லாம் இந்தத் துணைக் கேள்விக்குத்தான். முன்கூட்டி எழுதித் தர வேண்டியதில்லை என்பதால், என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று முதல் கேள்வியே அவளுடையது.

அரசியலுக்கு வருமுன் பதினாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் அவள். நெரிசலில் கை நீட்டியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். வாயருகே வந்த கட்டைவிரலைக் கடித்தாள். எலும்பு தட்டுப்படும் வரை கடித்தாள். அவன் அலறிக் கையை உதறியபோது முழங்காலை மேலே ஏற்றினாள். அவன் சுருண்டு விழுந்தான். குழாய்க்காரன் வீசிய அடி தோளைத் தேய்த்துக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியில் விழுந்தது. அதற்குள் அவள் படிக்கட்டில் இருந்தாள். மேலே நின்ற காவலரிடம், கீழே தன் ஓட்டுநர் சாகக் கிடக்கிறார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்பது வருடம் தன்னோடு சாப்பிட்டுச் சிரித்த மனிதரை அப்படிப் போட்டுவிட்டு ஓடுகிறோமே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனால் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது.

காரணம் அவள் தம்பி. பீரங்கிப் படையில் அதிகாரி. மூன்று வாரத்துக்கு முன் பயிற்சித் திடலில் அவன் படையின் பீரங்கி ஒன்று, குண்டு வெளியே போகாமல் குழாய்க்குள்ளேயே வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் அங்கேயே செத்துப் போனார்கள். ஒருவனின் தாடையை மறுநாள்தான் புதரில் கண்டெடுத்தார்கள். கையாளத் தெரியாதவர்கள் செய்த தவறு என்று மேலிடம் எழுதி முடித்தது. தம்பியோ மிச்சமிருந்த குண்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்திருந்தான். புதுப் பெயிண்டுக்குக் கீழே பழைய பெயிண்ட், அதற்கும் கீழே துரு. காலாவதியான சரக்கைப் பூசி மெழுகி அனுப்பியிருந்தார்கள். வாங்கியதாகச் சொன்ன பணம் எந்த வழியில் போனதோ.

அதே குண்டுகளை வைத்துத்தான் இன்று பதினொன்றரைக்குப் பெரிய சுடுபயிற்சி. தம்பி நேற்று போனில் பேசினான். மேலே சொல்லிப் பார்த்துவிட்டானாம். எல்லாம் புதுச் சரக்கு என்று அமைச்சரே சொல்லும்போது நீ யார் என்று வாயை அடைத்துவிட்டார்களாம்.

"அந்த ஆளு சபையில வெச்சு அவரு வாயாலயே மாத்திச் சொன்னாதான்க்கா இது நிக்கும். இல்லேன்னா நாளைக்கு நாங்க சுட்டுத்தான் ஆகணும்."

"சொல்ல வைக்கிறேன்டா. நீ பயப்படாத," என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சொல்ல வைக்க அவளிடம் வழி இருந்தது. பாதுகாப்பு அமைச்சரும் நிதி அமைச்சரும் சம்பந்திகள். பிள்ளைகளின் கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்காமல் முறிந்ததிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. ஒரு துறையின் பதில் இன்னொரு துறையைத் தொட்டால், சபைக்கு வருமுன் அந்தத் துறைக்கும் காட்டிவிட்டு வருவதுதான் முறை. இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் அந்தப் போக்குவரத்து நின்று போயிருந்தது. வீட்டுச் சண்டையை அரசாங்கக் கட்டடம் வரை இழுத்து வந்த மகான்கள். போன வாரம் நிதி அமைச்சர், தன் சிக்கனத்தைப் பீற்றிக்கொள்ளும் ஆசையில், வெடிபொருள் வாங்க மூன்று வருடமாகச் சல்லிக்காசு தரவில்லை என்று சபையிலேயே மார்தட்டியிருந்தார். அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் பாதுகாப்பு அமைச்சர் இன்றைய பதிலை எழுதியிருந்தார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது சபாநாயகர் எண்ணைப் படித்துவிட்டார். அவள் பெயரை இரண்டாம் முறை சொல்லி, தலையை நிமிர்த்திப் பார்த்து, அடுத்ததற்குப் போக வாயெடுத்தார். "இருக்கேன்," என்று கத்திக்கொண்டே ஓடிப் போய்த் தன் இருக்கையில் நின்றாள். தாடையிலிருந்து சட்டைவரை ரத்தம். மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்று சபாநாயகர் கேட்டார். கேள்விக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

பாதுகாப்பு அமைச்சர் அவளைப் பார்த்த பார்வையில், இவள் எப்படி வந்தாள் என்பது பச்சையாகத் தெரிந்தது. பதிலைப் படித்தார். படையில் உள்ள குண்டுகள் எல்லாம் போன வருடம் புதிதாக வாங்கியவை, தரமானவை, விபத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

அவள் ஆடும் பல்லை நாக்கால் அழுத்திக்கொண்டு கேட்டாள். "ஒரே ஒரு துணைக் கேள்வி. போன வருஷம் வாங்கினோம்னு சொல்றீங்க. எந்தக் காசுல வாங்குனீங்க?"

"நிதித்துறை குடுத்த காசுலதான். வேற எந்தக் காசுல?"

நிதி அமைச்சரின் பின்னால் இருந்த அதிகாரி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதை அவள் பார்த்தாள். இழுத்தும் பயனில்லை. சம்பந்தியைக் கவிழ்க்க இப்படி ஒரு வாய்ப்பு தானாக வந்து மடியில் விழும்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? எழுந்துவிட்டார்.

"நான் ஒரு பைசா குடுக்கல. போன வாரமே இங்க சொல்லியிருக்கேன். இவரு சபையில பொய் சொல்றாரு."

சபை கொதித்தது. பாதுகாப்பு அமைச்சர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. சபாநாயகர் விடவில்லை, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அமைச்சர் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்கு நடக்கப் போற சுடுபயிற்சிய இப்போதைக்கு..." என்று தொடங்கினார்.

அந்த நேரம் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து, ஊதுகுழல் என்று எல்லோரும் கூப்பிடும் உறுப்பினர் எழுந்து கத்தினார். "எவன்கிட்டயோ உதை வாங்கிட்டு வந்து இங்க வேஷம் போடுது பாருங்கய்யா. டிரைவரோட என்ன தகராறோ!" இரண்டு வரிசை சிரித்தது.

அவள் கண்முன் ஓட்டுநரின் காது வந்தது. அதற்கப்புறம் அமைச்சர் என்ன சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. மேசையில் பதித்திருந்த பித்தளைப் பெயர்ப்பலகையைப் பிடுங்கினாள். திருகாணி தெறித்தது, விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. முழு பலத்தோடு வீசினாள். அது ஊதுகுழலின் புருவத்தில் போய்ப் பதிந்தது. அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கில்லை. மேசை மேல் ஏறி ஓடினார்கள். மைக்குகளை வேரோடு பிடுங்கி அடித்தார்கள். ஒருவரை நாற்காலியோடு தூக்கிக் கவிழ்த்தார்கள். அவளை ஒருவர் வயிற்றில் உதைத்தார், அவள் அவர் காதைப் பிடித்துத் திருகினாள். அதில் அவளுக்கு ஒரு வெறித்தனமான சந்தோஷம்கூட இருந்தது. காவலர்கள் அமைச்சர்களை வளைத்து வெளியே கொண்டு போனார்கள். நேரலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சபாநாயகர் அரை மணி நேரம் ஒத்திவைத்தார்.

சபை மறுபடி கூடியபோது பாதுகாப்பு அமைச்சர் எழுந்து, பாதியில் விட்ட வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். சுடுபயிற்சியை இப்போதைக்கு நிறுத்தச் சொல்கிறேன், குண்டுகளைச் சோதிக்க உத்தரவிடுகிறேன், பதவியையும் விடுகிறேன். எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டித் தீர்த்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் அவள் தோளில் கைவைத்து, சாதித்துவிட்டாயம்மா என்றார். ஓட்டுநர் பிழைத்துக்கொள்வார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. உள்ளங்கையில் கட்டுப்போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தபோது, அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

போன் அடித்தது. தம்பி. உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் அவள் சுவரில் சாய்ந்தாள். அவன் கத்திப் பேசினான். காது அடைத்துப் போனவன் பேசுகிற மாதிரி.

"டிவியில பார்த்துட்டுத்தான்க்கா நின்னோம். அந்த ஆளு நிறுத்தறேன்னு சொல்ல வாயெடுத்தாரு. பசங்க கைதட்டக்கூட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் டிவி நின்னுடுச்சு. உத்தரவு வரல. பதினொன்றரை ஆச்சு. சுடுன்னாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"மூணு பேரு போயிட்டாங்கக்கா. என் மேல எல்லாம் அவங்கதான் இருக்காங்க, துடைச்சாப் போக மாட்டேங்குது." அவன் குரல் உடைந்தது. "அதான் உண்மை வெளிய வந்துடுச்சே. இன்னும் ஒரு வார்த்தைதான பாக்கி. அந்த அரை மணி நேரம் அங்க என்னக்கா பண்ணிட்டு இருந்தீங்க?"

உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லி வாழ்த்திப் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. உள்ளங்கைக் கட்டில் ரத்தம் ஊறி வெளியே வரத் தொடங்கியிருந்தது.

"சண்டை போட்டுட்டு இருந்தேன்டா," என்றாள்.