ரப்பர் தோணிக்குக் கூரை

"கொஞ்சம் உள்ள குந்து புள்ள" என்றான் கலந்தர் மனைவியிடம்.

சுபைறா தோணிக்குள் கால் வைத்தாள். முற்றத்து மணலில் காற்றூதி வைத்திருந்த ரப்பர் தோணி அவளுடைய பாரத்துக்கு ஒரு பக்கம் முனகிக்கொண்டு அமுங்கியது. நடுவில் போட்டிருந்த பலகையில் முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். கலந்தர் ஒரு பிரம்பை வில்லாக வளைத்து அவள் தலைக்கு மேலே பிடித்தான். தலைக்கும் பிரம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. சற்று யோசித்தான். பிறகு பிரம்பைக் கீழே இறக்கினான். அது தலையில் போட்டிருந்த மொக்காட்டை அமுக்கிக்கொண்டு அவள் நெற்றிவரைக்கும் வந்து நின்றது. "இவ்வளவு போதும்" என்று தனக்குத்தானே சொல்லி, பிரம்பில் கரிக்கட்டையால் கோடு கிழித்தான்.

சுபைறா எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. தோணியில் நிழல் போடப்போவது விற்கிற பிடவைத் துணிக்கு என்றுதான் அவன் சொல்லியிருந்தான். பிடவைக்கட்டுக்கு ஏன் ஆள் குந்திப் பார்க்க வேண்டும்? அதுவும் அவளைவிடக் கட்டையான ஒரு ஆளுக்கு ஏன் அளவெடுக்க வேண்டும்?

அந்தத் தோணி சூறாவளியோடு வந்தது. காற்று ஊரைப் புரட்டிப் போட்டுப் போன பிறகு அரிசியும் மாவும் கொண்டு வந்தவர்கள், வெள்ளத்தில் அகப்பட்ட வயற்கரை ஊர்களுக்குப் போகக் கலந்தரைத் துடுப்புப் போடக் கூட்டிக்கொண்டார்கள். போகும்போது இரண்டு ஒட்டுப் போட்ட அந்தத் தோணியையும், மூன்று மாதம் இவர்கள் படுத்துக் கிடந்த படங்குக் கூடாரத்தையும் அவனுக்கே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மருதமுனைச் சாறனும் சீலையும் வாங்கித் தோணியில் போட்டுக்கொண்டு களப்பைக் கடந்து சவளக்கடைப் பக்கத்து வயற்கரைகளில் விற்று வருகிறான். காற்று தென்னைகளை எல்லாம் முறித்துவிட்டதால் கரையில் நிழல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெயிலில் பிடவை வெளிறுகிறது என்று அவன் சொன்னதைச் சுபைறா முதலில் நம்பத்தான் செய்தாள்.

ஆனால் அவனுடைய கால்கள் அவளைக் குழப்பிக்கொண்டிருந்தன. களப்பில் இறங்கி ஏறுகிறவனுடைய காலில் கறுத்தச் சேறு நகத்துக்குள்ளே போய் இருக்க வேண்டும். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. கிணற்றடியில் அவள் தேங்காய்த் தும்பு எடுத்துக் கொடுத்தால் தேய்த்துக் கழுவுவான். இப்போது வரும்போதே கால் வெளுப்பாக, சவர்க்கார வாசத்தோடு வருகிறது. யாரோ ஒருத்தியுடைய கிணற்றில், யாரோ ஒருத்தியுடைய சவர்க்காரத்தில் அவன் கால் கழுவிவிட்டு வருகிறான். போன கிழமை ஒரு தலையணையைப் பிடவைக்கட்டுக்குள் திணித்துக்கொண்டு போனவன், அதைத் திருப்பிக் கொண்டு வரவில்லை.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்குத்தான் வருவான். வீடு அவளுக்கு வாப்பா எழுதிக் கொடுத்தது. கிணறு அவளுடையது, வாசல் அவளுடையது. கூரை ஒன்றைத் தானாகக் கட்டவேண்டிய தேவை கலந்தருக்கு இதுவரைக்கும் வந்ததில்லை. இப்போது முதல்முறையாகத் தன்னுடையது என்று சொல்ல இருக்கும் ஒரே பொருளின் மேல் ஒரு கூரை போடுகிறான். அதன் கீழே யாரைக் குந்தவைக்கப் போகிறான் என்பதுதான் சுபைறாவுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் அவள் வீட்டுக்குள்ளேயே அவள் அந்நியமாகிப் போவாள் போலிருந்தது.

அடுத்த நாள் நல்லரெத்தினம் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர், தோணிக்கு ஒட்டுப் போட்டவரும் அவர்தான். தேநீர் கொடுத்துவிட்டுச் சுபைறா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ரப்பரில் ஆணி, ஊசி எதுவும் படக்கூடாது என்றும், பிரம்பின் நுனிகளைப் பழைய டியூப்பால் சுற்றிப் பலகையில்தான் ஊன்ற வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தோணியின் ஓரத்தில் கயிறு கோக்கும் காதுகள் பசையால் ஒட்டியவை; அதில் கட்டினால் காற்று இழுக்கும்போது காதே உரிந்து வந்துவிடும். கயிற்றைத் தோணியின் அடிவயிற்றால் சுற்றி எடுத்துக் கட்ட வேண்டும், உருவினால் உடனே கழலுகிற முடிச்சாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் கலந்தர் ஓம் ஓம் என்றான். சுற்றிவரத் திரையும் வேண்டும் என்று அவன் சொன்னதும்தான் அவர் மறுத்தார்.

"சுத்திவர மறைப்பா?" என்றார் நல்லரெத்தினம். "கச்சான் காத்து உள்ள பூந்தா தோணியக் கவுத்துப் போடும் தம்பி. மேல மட்டும் போடுங்க. நீந்தத் தெரியாத ஆராவது இருந்தா என்ன செய்வீங்க?"

"பிடவைதானே அண்ணன்."

"பிடவை நீந்தாதுதான்" என்று அவர் சிரித்தார்.

கலந்தர் சிரிக்கவில்லை. "திரை வேணும்" என்றான்.

சுபைறா கதவின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளிடம்கூட அவ்வளவு பிடிவாதமாக ஒன்றைக் கேட்டதில்லை.

கூடாரப் படங்கை அவள் கையிலேதான் கொண்டுவந்து கொடுத்தான். மேலுக்கு ஒரு துண்டு, சுற்றிவரத் தொங்குவதற்கு நான்கு துண்டு. வெட்டும்போது மண்ணெண்ணெய் விளக்குப் புகை பிடித்த கறுப்பு வட்டம் ஒன்று கத்தரிக்குள் வந்தது. கூடாரத்துக்குள் அவர்கள் விளக்கு வைத்த இடம் அது. வெளியே மழை அடிக்க, இதே படங்கின் கீழே இருவரும் ஒரு பன்பாயில் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்திருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் வெட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு நடுவாலே வெட்டினாள்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் ஹப்ஸா. சுபைறாவுடைய வாப்பாவின் தங்கச்சி மகள். ஊரில் நடப்பது எல்லாம் அவளுடைய வேலியைத் தாண்டித்தான் போகும்.

"என்ன மச்சி, தோணிக்குத் திரையாமே? கூடார வண்டில் மாதிரி. மாட்டை எங்க கட்டப் போறாரு ஒங்கட மாப்புள?"

"பிடவை வெளிறுதாம்."

"ஓம் ஓம். என்ட மனிசனும் மீன் விக்கிறாரு. மீனுக்கு மொக்காடு போடச் சொல்லணும்."

சுபைறா தையல் மெஷினை வேகமாக மிதித்தாள், அவள் சொல்வது கேட்காத மாதிரி. ஹப்ஸா போன பிறகு மிதிப்பதை நிறுத்தினாள். மேல் துண்டு முடிந்திருந்தது. இரட்டை நூல், இரட்டை மடிப்பு. பிரம்பு போகும் குழல்களுக்கு மூலையில் தோல் வைத்துத் தைத்தாள். அதில் அவளுக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. திரையைப் பொருத்தும்போதுதான் கை நின்றது.

சூறாவளி அன்று அவர்களுடைய வீட்டில் பெரிய அறைக்குத் தகரக் கூரை. ஆணியடித்து, கம்பியால் சுவரோடு இழுத்துக் கட்டியது. குசினிக்குத் தென்னோலைக் கிடுகு, கயிற்றால் கட்டியது. காற்று வந்தபோது கிடுகு முதல் இழுப்பிலேயே பறந்துபோனது, குசினிச் சுவர் நின்றது. தகரம் விடவில்லை. சுவரையும் கூட்டிக்கொண்டுதான் போனது. அவர்கள் இருவரும் உயிரோடு இருப்பது குசினிக்குள் ஓடியதால். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது எதுவோ அதுதான் கவிழ்க்கும் என்பதை அவள் யாரிடமும் கேட்டு அறியத் தேவையில்லை.

அதனால் திரைகளை மெஷினில் அடிக்கவில்லை. வெள்ளை நூலை ஊசியில் கோத்து, நீள நீளமாக நூலோட்டம் போட்டாள். தைக்கிறவர்கள் துணியை முதலில் தற்காலிகமாகப் பிடித்து வைக்கப் போடுகிற தையல் அது. ஒரு இழுப்பில் வந்துவிடும். பார்ப்பதற்குத் தைத்த மாதிரியே இருக்கும். காற்றுக்காகத்தான் என்று ஒவ்வொரு குத்துக்கும் சொல்லிக்கொண்டாள். காற்றுக்காக என்றால் அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களப்பு நடுவிலே, துறையில் ஆட்கள் நிற்கும் நேரத்தில், அந்தத் திரை பறந்துபோக வேண்டும் என்று அவளுக்குள் ஒன்று ஊசியின் கூடவே போய்வந்தது.

கலந்தர் பொருத்திப் பார்த்தான். பிரம்பு நுனிகளில் டியூப் சுற்றி, கயிறு படும் இடங்களில் சாக்குத் துண்டு வைத்து, அடிவயிற்றால் சுற்றிக் கட்டினான். முடிச்சை இரண்டு மூன்று தரம் உருவிப் பார்த்தான். உள்ளே படுத்தும் பார்த்தான். வெளியே வந்து திரையைத் தடவி, "நல்லாத் தைச்சிருக்காய் புள்ள" என்றான். அந்தச் சொல் அவளைச் சுட்டது.

அவன் போன நாள் வியாழக்கிழமை. பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு திரும்புவான் என்று தெரியும். மீன் வாங்குகிற சாட்டில் சுபைறா கூடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். ஹப்ஸாவும் கூப்பிடாமல் வந்தாள். கரையில் முறிந்த தென்னங்குற்றிகளின் மேலே ஆட்கள் குந்தியிருந்தார்கள். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் கிழவன் அச்சிமுகம்மது நின்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து கச்சான் அனலாக அடித்தது.

தோணி முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. கிட்ட வர வரப் படங்குக் கூரையும் நான்கு பக்கமும் இறக்கிவிட்ட திரையும் தெரிந்தன. முன்னால் குந்தித் துடுப்புப் போட்டான் கலந்தர். தோணி வழமையைவிடத் தாழ்ந்து வந்தது. போகும்போது இருந்த பாரம் விற்றுக் குறைந்திருக்க வேண்டும்; இதுவோ கூடியிருந்தது.

"பிடவை விக்கல்லப் போல" என்றாள் ஹப்ஸா மெதுவாக.

அப்போதுதான் காற்று ஒருதரம் அடங்கி, பிறகு மொத்தமாக வந்தது. பின்திரை உள்பக்கமாகப் பிதுங்கியது. கூரை முழுவதும் ஊதிய வயிறு மாதிரி எழும்ப, தோணியின் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு மேலே வந்தது. ஈரமான அடிவயிறு வெயிலில் மினுங்கியது. கலந்தர் எழும்பிய பக்கத்தின் மேல் பாய்ந்து விழுந்தான். அந்த ஒரு கணத்தில், உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சுபைறா நினைத்தாள். பிரிந்துவிடு, பிரிந்துவிடு என்று நூலிடம் கெஞ்சினாள்.

திரை பிரிந்தது. ஒன்று போக மற்றதும் போக, காற்று வழி கிடைத்து ஓடியது. தோணி தண்ணீரில் படாரென்று விழுந்து நேரானது. மேல்கூரை மட்டும் பிரம்போடு நின்றது. அதன் கீழே, சுபைறாவுடைய தலையணையில் சாய்ந்தபடி, ஒரு பெண்.

இளம் பெண் அல்ல. கன்னம் ஒட்டி, கண் மஞ்சள் பூத்து, வயிறு மட்டும் நோயால் வீங்கியிருந்தது. முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினாள். கை மறைக்கப் போதவில்லை. கலந்தருடைய அதே நாடிக்குழி அவளுக்கும் இருந்தது.

அச்சிமுகம்மது தராசைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ்" என்றார். "இது பக்கீர் முகைதீன்ட மகள் லைலாவெல்லவா."

"ஆரு, அந்த உசிரோட இருக்கக் கத்தம் ஓதின புள்ளயா?" என்று ஒருவன் எழும்பினான். "தமிழ் மேசனோட களப்புக்கு அங்கால ஓடிப் போனவள்?"

சுபைறாவுக்கு அந்தப் பெயர் தெரியும். கலந்தருடைய ராத்தா லைலா, அவனுக்கு மூத்தவள். இவர்களுடைய கலியாணத்துக்கு முன்பே காய்ச்சலில் மௌத்தானவள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வருசா வருசம் கலந்தருடைய வாப்பா, மாமா பக்கீர் முகைதீன் வீட்டில் அவளுக்காகக் கத்தம் ஓதிச் சோறு போடுவார்கள். கலந்தர் அந்தச் சோற்றுச் சகனில் கை வைத்ததேயில்லை. துக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. எது ராத்தாவுடைய குழிமேல் நட்ட மீசான் கட்டை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆட்கள் குற்றிகளை விட்டு இறங்கித் தண்ணீர் ஓரத்துக்கு வந்தார்கள். யாரோ பள்ளிப் பக்கமாக, மாமாவிடம் சொல்லத்தான், ஓடினான். பறந்த திரை ஒன்று கரைக்குக் கிட்ட விழுந்து மெதுவாக அமிழ்ந்துகொண்டிருந்தது. சுபைறா செருப்பைக் கழற்றாமலே தண்ணீருக்குள் இறங்கினாள். ஹப்ஸா பின்னாலிருந்து "மச்சி" என்றாள். முழங்கால், பிறகு இடுப்பு. சேற்றில் ஒரு செருப்பு போனது. படங்கு நனைந்து பிணம் மாதிரிப் பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து, உதறி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், கரைக்கும் தோணிக்கும் நடுவில். இந்தப் பக்கம் ஊர் நின்றது. அந்தப் பக்கம் அவர்கள் இருவரும்.

கலந்தர் இறங்கி, தோணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. படங்கின் மேல் ஓரத்தைப் பார்த்தான். அங்கே வெள்ளை நூல்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தான். எந்த எதிர்ப்பும் இல்லாமல் முழுநீளமும் அவன் கையோடு வந்தது.

"இத மெஷின்ல அடிக்கல்லயா?"

"அடிச்சிருந்தாத் தோணி கவுந்திருக்கும்" என்றாள்.

அது பொய்யல்ல. அவன் இன்னும் நூலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவனுடைய கால் கழுவிய வாசத்தை இத்தனை நாளும் அவள் எப்படி மோந்து பார்த்தாளோ, அப்படி.

"ஆரு தம்பி?" என்று தோணிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "உன்ட பொஞ்சாதியா?"

காற்று மறுபடியும் வந்தது. படங்கு ஊதி அவளைக் கரைப் பக்கமாகத் தள்ளியது. சுபைறா சேற்றில் குதிக்காலை ஊன்றிக்கொண்டு அதை விடாமல் பிடித்திருந்தாள். கலந்தர் அந்த வெள்ளை நூலை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாக நின்றான்.