பெயருக்குப் பக்கத்தில்

“அப்பா, இடது கையை என் தோள்ல போடுங்கோ. ஆங், அப்படித்தான். நீங்க பலம் குடுக்காண்டாம், நானாக்கும் தூக்குகேன்.”

செல்வகணேஷ் அப்பாவைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டினான். நனைந்த விரிப்பைச் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டித் தள்ளிவிட்டு, காலியான பாதிக் கட்டிலில் புது விரிப்பைப் பரப்பினான். பிறகு இந்தப் பக்கம் புரட்டிப் பழையதை உருவினான், புதியதை இழுத்துவிட்டான். எலும்பும் தோலுமாகக் கிடந்த அழகியநம்பியின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வெந்நீர்ச் செம்போடு கதவோரம் நின்ற சிவகாமியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

“எளா,” என்றார் அழகியநம்பி, கூரையைப் பார்த்தபடி. “இவன்ட்ட சொல்லு. நான் துட்டு குடுத்து ஆளு வச்ச கேசு இல்லைன்னு.”

“அவன் கேட்டுக்கிட்டுத்தான நிக்கான். நீங்களே சொல்லுங்களேன்.”

“நீ சொல்லு.”

“சொல்லியாச்சு,” என்றாள் சிவகாமியம்மாள். செல்வகணேஷ் ஈரவிரிப்பை வாளியில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இப்படித்தான். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பேச்சு எல்லாம் அவள் வழியாகத்தான் போகும். ஒரே அறையில் இருந்தாலும் தபாலை அவள்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

சாலைக் கம்போளத்தில் மொத்தக்கடை ஒன்றில் கணக்கு எழுதியே மகனைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தவர் அழகியநம்பி. அவனுக்கு டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தபிறகு, அந்த வார்த்தையை ஒருநாளைக்கு நாலுதடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. காய்கறிக்காரனிடம்கூட, “டெக்னோபார்க்குக்குப் போற பையன் சாப்பிடணும்டே, நல்ல வெண்டையாப் போடு” என்பார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இலையில் உட்கார்ந்து, முப்பத்துமூன்று வயதுப் பிள்ளை சொன்னான்.

“நான் வேலைய விட்டுட்டேன்ப்பா.”

“அமெரிக்காவுல கெடச்சிருக்கோ?”

“இல்ல. நோயாளியளப் பாத்துக்கிடுத படிப்புல சேந்திருக்கேன். முடிச்சா வீடுகளுக்குப் போயிப் பாக்கலாம்.”

“என்னத்தப் பாக்க?”

“கெடையில கெடக்கவங்கள. குளிப்பாட்ட, மருந்து குடுக்க, புண்ணு கழுவ.”

அழகியநம்பி சோற்றுக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார். “ஹோம் நர்ஸு. பொம்பளையள் கஷ்டத்துக்குப் போற வேலை. அந்த வேலை.”

“அங்க நான் செய்யது ஆருக்குப் போய்ச் சேருகுன்னே எனக்குத் தெரியலப்பா.”

“சம்பளம் ஆருக்கு வந்து சேருகுன்னு தெரிஞ்சுதுல்லா?”

அப்பா பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசியது அதுதான் கடைசி. மறுநாள் முதல் தபால் வேலை அவளுக்கு வந்தது. ‘பழைய ஆபீஸ் பையையே தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு. தெருவுல நாலு கண்ணு இருக்கு.’ சொன்னாள். அவனும் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே கையுறையும் ஏப்ரனும் சோற்றுப் பாத்திரமும் இருக்கும். இரண்டு வருஷமாக ஆரியசாலைத் தெருவுக்கு அவன் டெக்னோபார்க்குக்குத்தான் போய்வந்தான். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியபிறகு, “ஆபீசுல லீவு குடுத்திருக்கான்” என்று வந்தவர்களிடம் எல்லாம் அழகியநம்பி சொன்னார். சொல்லும்போது குரல் திடமாக இருக்கும்.

பின்கட்டில் துணி அலசுகிற சத்தம் கேட்டது. சிவகாமியம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்தை அவன்ட்டப் பேசப்பிடாதா?”

“என்ன பேச?”

“நல்லாப் பாக்கான்னு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

“நல்லாத்தான் பாக்கான்,” என்றார். “அதுதான எனக்குத் தாங்கல.”

அந்த ஒரு தபாலை அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மூச்சு மாறியது. செல்வகணேஷ் அப்பாவின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினான். இன்னும் மேலே.

“எம்மா, கொஞ்சம் பால் எடுத்துட்டு வா.”

“குடிப்பாரா?”

“நீ எடுத்துட்டு வா.”

அவள் கரண்டியால் ஊற்றிய பாலில் பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. செல்வகணேஷ் துண்டின் நுனியால் துடைத்தான். துடைத்துவிட்டு அந்தக் கையாலேயே கண் இரண்டையும் மூடினான்.

“முடிஞ்சுதாடே?” என்று கேட்டாள். அவன் வெள்ளைத்துணியை நீளமாகக் கிழிக்க ஆரம்பித்தான். தாடைக்கு நாடிக்கட்டு, கைப்பெருவிரல் கட்டு, கால் கட்டு, மூக்கில் பஞ்சு. எல்லாம் முடித்துத் தலையைக்கூட வாரிவிட்டான்.

சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து அவள் தம்பி ஆறுமுகசாமி வந்து சேர்ந்தான். தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்தவன், அத்தான் காலடியில் நின்று ஒருபாட்டம் அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

“கட்டெல்லாம் நல்ல பக்குவமாப் போட்டிருக்கே. ஆரு, ஆஸ்பத்திரியிலேந்து ஆளு வந்தானா?”

“அவன்தான் போட்டான்,” என்றாள் சிவகாமியம்மாள்.

“மருமகனா? கம்ப்யூட்டர்காரனுக்கு இது எங்கேருந்து தெரியும்?”

“கம்பெனியில முதலுதவி சொல்லிக்குடுத்தாவளாம்.”

வாய் தன்னால் சொல்லிவிட்டது. சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த செல்வகணேஷ் திரும்பி அவளைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்தது மலையாளப் பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய செய்தி. இந்த ஊரில் செத்தவர் படத்துக்குக் கீழே பிள்ளைகளின் பெயர் வரும். பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள், அவர்கள் பார்க்கிற வேலை வரும். துபாய் என்று இருக்கும், செக்ரட்டேரியட் என்று இருக்கும். அழகியநம்பி காலைக் காப்பியோடு முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். “எளா, இவனுக்கு அடைப்பே இல்லை. தறுதலை போல இருக்கு” என்று உரக்கச் சொல்லுவார். சிவகாமியம்மாளுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. அவர் சொல்லித்தான் அவளுக்கு அந்த ஊர்ச் சாவெல்லாம் தெரியும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த ஆறுமுகசாமிதான் எழுத உட்கார்ந்தான். வயது, வீட்டுப்பேர், மனைவி பேர் எல்லாம் எழுதியாயிற்று.

“மகன், செல்வகணேஷ். அடைப்புல என்ன போடணும் மருமகனே? கம்பெனி பேரு போடணுமா, டெக்னோபார்க் மட்டும் போதுமா?”

“பேரு மட்டும் போடுங்க மாமா.”

“பேரு மட்டுமா? நாலுபேரு படிக்கப்பட்ட பேப்பர்டே. பார்வதிபுரத்துல ஒரு இடம் வந்திருக்கு. பொண்ணு டீச்சர். அத்தான் காரியம் முடிஞ்சு வருசம் திரும்புகதுக்குள்ள கல்யாணத்த நடத்தணும், இல்லைன்னா மூணு வருசம் தள்ளிப் போயிரும். பொண்ணு வீட்டுக்காரன் கையில காட்ட வேண்டாமா இத?”

செல்வகணேஷ் சுவரில் சாய்ந்து நின்றான். “அம்மா சொல்லுகதப் போடுங்க.”

“அக்கா, நீ சொல்லு.”

சிவகாமியம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். இத்தனை நாளும் எதையும் கேட்காத பிள்ளை இப்போது ஒன்று கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பார்வதிபுரத்துப் பெண் எப்படி இருப்பாள் என்று யோசித்தாள். நாடி கட்டிக் கிடக்கிற புருஷனைப் பார்த்தாள்.

“சாஃப்ட்வேர் எஞ்சினியர்னு போடு,” என்றாள்.

ஆறுமுகசாமி எழுதினான். செல்வகணேஷ் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். கிணற்றடியில் அப்போது ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் காலையில் பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, வெளுத்த கேரளப் புடவை கட்டிய ஒரு வயதான மலையாளத்து அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மற்றவர்கள் உள்ளே உட்காரச் சொல்லியும் கேட்காமல் சிவகாமியம்மாள் வாசல்படியிலேயே நின்றிருந்தாள். ஆகவே வந்தவளை முதலில் கண்டது அவள்தான்.

“செல்வகணேஷின்ட அம்மையல்லே? நான் லீலாபாய். பேட்டையில் இருந்து. எங்கட சாரைக் கடைசி வரைக்கும் நோக்கியது ஈ மோன் தான்.” புருஷனைத்தான் அவள் சார் என்றாள், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். “சார் அடிக்கும், துப்பும். சொந்தம் மக்கள் கிட்ட வராது. மோன் ஒரு வாக்கு கோபமாயிப் பறஞ்சிட்டில்லை.”

சிவகாமியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லீலாபாய் குரலைத் தாழ்த்தினாள். “பேப்பர்ல படம் கண்டு ஓடி வந்தது. ஒரு காரியம் சேச்சி. மோன்ட ஜோலி தெற்றாயிட்டு அடிச்சிருக்கு. ஏதோ எஞ்சினியர்னு. பேப்பர் ஆபீசுக்கு நான் விளிச்சுச் சொல்லட்டே? நாளைக்குத் திருத்திப் போடும்.”

மூங்கிலை வெட்டுகிற சத்தம் நின்று மறுபடி கேட்டது.

“தெத்து இல்லம்மா,” என்றாள் சிவகாமியம்மாள். “நாங்க குடுத்ததாக்கும்.”

லீலாபாய் அவளையே பார்த்தாள். பிறகு குடையின் கைப்பிடியைப் பார்த்தாள்.

“மோனுக்கு அறியுமோ?”

“தெரியும்.”

“ம்.”

“உள்ள என் தம்பி இருக்கான். நீங்க ஆருன்னு கேப்பான்...”

“நான் மோன்ட ஆபீஸ்ல உள்ளதுன்னு பறஞ்சுக்கலாம்,” என்றாள் லீலாபாய். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஆறுமுகசாமி கேட்கத்தான் செய்தான். “எங்கேருந்து வாறீங்க?”

“மோன்ட ஆபீஸ்.”

“அங்க என்னவா இருக்கீங்க?”

“ரிட்டயராயி.”

தலைமாட்டில் ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்த செல்வகணேஷ் நிமிர்ந்தான். லீலாபாய் அவன் பக்கமாக இரண்டு கையையும் நீட்டினாள். பாதிவழியில் நிறுத்தி, அந்தக் கைகளைக் கூப்பினாள், முன்பின் தெரியாத வீட்டில் கும்பிடுவதுபோல. அவனும் எழுந்து கும்பிட்டான். அவள் போகும்போது வாசலில் நின்ற சிவகாமியம்மாளைப் பார்க்கவில்லை.

தைக்காட்டில் எரித்துவிட்டு வந்து எல்லாரும் தலைமுழுகினார்கள். சாயந்தரம் ஆறுமுகசாமி, மறுநாள் எலும்பு பொறுக்குவதற்கு வேண்டியதை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். போகும்முன் பேப்பர் ஒன்றை நாலாக மடித்துத் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். இன்னொன்று நாற்காலியில் கிடந்தது.

அழகியநம்பியின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அறை பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. சிவகாமியம்மாள் பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுக் காட்டு மக்ளே.”

செல்வகணேஷ் பேப்பரை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மலையாளத்தைக் கண்ணால் படித்துத் தமிழில் சொன்னான்.

“ஆரியசாலை. அழகியநம்பி, எழுபத்திரண்டு வயசு, காலமானார். சாலைக் கம்போளத்துல கணக்கரா இருந்தவர். மனைவி சிவகாமியம்மாள். மகன் செல்வகணேஷ்.” மூச்சு விட்டான். “தகனம் இன்னைக்குக் காலையில தைக்காட்டுல.”

பெயருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாதவளுக்கும் அந்த இரண்டு வளைவுகள் தெரிந்தன. உள்ளே இருந்தது கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. அவள் பாதத்தைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்தான். புடவைக் கரையை ஒரு சாண் ஏற்றிவிட்டு, கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தினான். அவன் கை சில்லென்று இருந்தது.

“எப்பத்துலேந்து?”

“என்னது?”

“இந்த வீக்கம்.”

“ஆடி மாசம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

அவள் புடவைக் கரையைக் கீழே இழுத்துவிடப் பார்த்தாள். விரலை எடுத்தான். எடுத்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. மேலெழும்பி வருகிறதா என்று அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். அது வரவில்லை.