டேஜனில் எடுத்த ஜெஜூ படங்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு கோபுரத்தை அழித்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. ஆற்றங்கரையில் ஊருக்கே அடையாளமாக நிற்கிற எக்ஸ்போ கோபுரம். ஒரு புகைப்படத்தின் மூலையில் இருந்தது. கணினியில் அதைத் தேய்த்துத் தேய்த்து வானமாக்க நான்கு நிமிடம் ஆனது.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறு. இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் இணையதளத்துக்கு ‘டேஜனில் குழந்தைகளோடு போக ஏற்ற பத்து இடங்கள்’ என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். கொரியா முழுக்க டேஜனைப் ‘போரடிக்கிற ஊர்’ என்றுதான் கிண்டல் செய்வார்கள். அதனால் பத்து இடம் என்பதே கொஞ்சம் வீம்பு. ஒன்று, தாவரவியல் பூங்கா என்று எழுதினேன். இரண்டு, மீன் காட்சியகம் என்று எழுதினேன். மூன்றாவதற்குப் போக முடியவில்லை. முதல் இரண்டு இடங்களிலும் தோ கி-தே நின்றுகொண்டிருந்தார்.

2.

கி-தே என் அறைக்கு நேர் கீழே லாண்டரி கடை வைத்திருப்பவர், வீடும் அதே கட்டடத்தில்தான். மகள் தான்பி, மூன்றாம் வகுப்பு. இவர்களை எந்த வரியில் கொண்டுவருவது என்று தெரியாமல் மூன்று தடவை தொடங்கினேன்.

[அன்று விமான நிலையத்தில் காற்று காயம்பட்ட மிருகம் போல] — வேண்டாம். காற்று காற்றாகவே இருக்கட்டும்.

[தான்பி அழவில்லை.] — பொய். அழுதாள்.

[ஒரு வியாழக்கிழமை காலை, மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரத்தில்] — இது பரவாயில்லை. ஆனால் வியாழனுக்கு முன்னால் அக்டோபரைச் சொல்ல வேண்டும்.

இங்கே பள்ளிகளில் ஒரு வசதி உண்டு. பெற்றோரோடு வெளியூர் போகிறேன் என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டால் அந்த நாள்கள் லீவாகாது. திரும்பி வந்து, என்ன பார்த்தோம் என்று படத்தோடு ஓர் அறிக்கை கொடுத்தால் போதும். வசதி என்றுதான் ஆரம்பித்தார்கள். இப்போது எந்தப் பிள்ளை எந்தத் தீவுக்குப் போனது என்பது வகுப்புக்கே தெரியும். ஒரு நாள்கூட எங்கும் போகாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குப் பட்டப்பெயர் தயார். தான்பிக்கு அக்டோபரில் கிடைத்தது: ‘ஃபுல் அட்டெண்டன்ஸ் பிச்சைக்காரி.’

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் கடைக்குக் கோட்டு வெளுக்கக் கொடுக்க வந்த ஓர் அம்மாவோடு அவள் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தான்பியைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்த அம்மா சட்டென்று மகன் வாயைப் பொத்தினார். பொத்திய வேகத்தில்தான் கி-தேவுக்கு விஷயம் புரிந்தது.

மறுநாளே விண்ணப்பம் போய்விட்டது. ஜெஜூ தீவு, வியாழன், வெள்ளி இரண்டு நாள். கமலா ஆரஞ்சுத் தோட்டம், மீன் காட்சியகம், அருவி. பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கடை ஷட்டரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: ‘குடும்பத்தோடு ஜெஜூ போயிருக்கிறோம். சனிக்கிழமை திறப்போம்.’*

*குடும்பம் என்பது இரண்டு பேர். தான்பியின் அம்மாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் லீவு கிடைக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமை. பலத்த காற்று, ஜெஜூ விமானங்கள் ரத்து. மறுநாளும் இடமில்லை. பக்கத்து ஊர் விமான நிலைய நாற்காலியில் தான்பி அழுகிறாள்.

“அழாதடி. ஜெஜூ எங்கயும் ஓடிப் போயிடாது.”

“ஜெஜூவுக்கா அழறேன்? திங்கக்கிழமை என்ன சொல்றது? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ப்பா.”

“என்னன்னு சொன்ன?”

“ஆரஞ்சு பறிப்பேன்னு. அருவில நனைவேன்னு. டால்ஃபின் பாப்பேன்னு.”

“டால்ஃபின் நான் எழுதவே இல்லையே?”

“அது நானா சேத்தது.”

(கொரியப் பிள்ளைகளும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் புல்லரிக்கும். நான் தாண்டிப் போகிறேன்.)

ஒரு வரைவில் கி-தே மகளைக் கட்டிக்கொண்டு ஏதோ பேசினார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடை வேனை எடுத்தார். டேஜன் எல்லைக்குள் நுழையும்போது சொன்னார்:

“டால்ஃபின் முடியாது. ஆரஞ்சு முடியும்.”

3.

தாவரவியல் பூங்கா. குழந்தைகளோடு போக ஏற்றது. கண்ணாடிக் கூடத்துக்குள் பனைகள் உண்டு, நவம்பரிலும் வெதுவெதுப்பாக இருக்கும். தான்பி கனத்த ஜாக்கெட்டைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டுப் பனைக்குக் கீழே நின்று இரண்டு விரல் காட்டினாள். முதல் படம் கச்சிதம்.

ஆரஞ்சுக்குத்தான் பாடு. கடைத்தெருவில் ஒரு பெட்டி வாங்கி வந்து, பட்டன் தைக்கிற நூலால் கி-தே ஒவ்வொரு பழமாக வெளியே இருந்த ஒரு பச்சைச் செடியில் கட்டினார். லாண்டரிக்காரர் கை. முடிச்சு வெளியே தெரியாது. ஒன்பதாவது பழத்தின்போது, பெரிய தொப்பி வைத்த தோட்டக்காரம்மா வந்து நின்றார்.

“என்ன சார் பண்றீங்க மரத்துல?”

கி-தே நூற்கண்டைப் பாக்கெட்டில் போட்டார். தான்பிதான் சொன்னாள்: “ஜெஜூ பண்றோம்.”

அந்தம்மா பழங்களைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அன்றைக்குக் கிழமை என்ன என்று யோசித்திருக்க வேண்டும்.

“ஸ்கூல் அறிக்கையா?”

“ஆமா.”

“இது ஆரஞ்சு இலையே கிடையாது. ஜெஜூக்காரங்க யாராவது பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பழத்த கிட்ட வச்சு எடுங்க, இலை மங்கிடும். பாப்பா, நீ கொஞ்சம் குனி. முடிஞ்சதும் நூல் ஒண்ணு விடாம அவுத்துடணும், சொல்லிட்டேன்.”

அவிழ்த்தார்கள். ஆளுக்கு இரண்டு தின்றார்கள், அந்தம்மாவும் சேர்ந்து. படத்தில் பழம் அருமையாக விழுந்திருந்தது. தான்பியின் தலைக்குப் பின்னால் எக்ஸ்போ கோபுரமும் அருமையாக விழுந்திருந்தது.

அங்கிருந்து, கறுப்புப் பன்றிக் கறிக் கடை ஒன்றின் வாசலில் நிற்கும், ஜெஜூவுக்கே அடையாளமான கல் தாத்தா சிலையோடு ஒரு படம். அருவி கிடைக்கவில்லை. நவம்பரில் ஊர் நீரூற்றுகளை நிறுத்திவிடுவார்கள்.

3, மறுபடியும்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம், வெளுக்கப் போட்டிருந்த சட்டையை வாங்கப் போய், ஷட்டரில் தாளைப் படித்துவிட்டுத் திரும்பினால், பின்பக்கப் படிக்கட்டில் கி-தே ஆரஞ்சுப் பெட்டியோடு பூனை மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க ஜெஜூல இல்ல?”

தான்பி உதட்டில் விரல் வைத்தாள். “சித்தப்பா, நாங்க ஊர்ல இல்ல.”

“டாக்டர் தம்பி,” என்றார் கி-தே. (நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. பிஎச்.டி. மாணவன், ஏழு வருடமாக ஆகிக்கொண்டிருக்கிறேன்.) “கம்ப்யூட்டர்ல கோபுரத்த எடுக்க முடியுமா?”

முடியும் என்றேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

F.

கொரிய மொழியில் நாலும் சாவும் ஒரே உச்சரிப்பு என்பதால் எங்கள் லிஃப்டில் நாலுக்குப் பதில் F என்றுதான் இருக்கும். பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மீன் காட்சியகம். இரண்டு மணி நேரம் இருந்தார்கள். படம் எடுத்தது ஐந்து நிமிடம்தான், மீதி நேரம் ஒரு திருக்கை மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கி-தே சொன்னார். “அதுக்கு வயித்துல வாய்டா தம்பி. சிரிக்கிற மாதிரி இருக்கு. கடைய மூடிட்டு இதப் பாக்க இத்தன வருஷம் ஆயிடுச்சு.” அவர் குரலில் அப்போது ஜெஜூ இல்லை. ஆனால் நான் கதை எழுதுகிறவன், குரலில் எதையாவது கேட்டுவிடுவேன். நீங்கள் இந்த வரியைப் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் தான்பி கண்ணாடியில் இரு கையையும் பதித்து நிற்கிறாள், தலைக்கு மேலே திருக்கை. கண்ணாடியில் கி-தேவின் பிம்பமும் விழுந்திருக்கிறது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் மகளின் ஜாக்கெட், வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. அவருக்குப் பின்சுவரில் இருந்த பெயர்ப்பலகையும் பிம்பத்தில் இடவலம் மாறித் தெரிகிறது. ‘டேஜன்’ என்ற எழுத்துகள் அவர் இரு தோளையும் ஒட்டி, தலைக்கு இருபுறமும் நிற்கின்றன. எழுத்தை மட்டும் எடுக்கப் பார்த்தேன். ஆள் பாதியாகத் தெரிந்தார், பயமாக இருந்தது. அதனால் ஆளையே எடுத்துவிட்டு நீலத் தண்ணீரால் நிரப்பினேன்.

கி-தே பார்த்து, “பிரமாதம்!” என்றார்.

தான்பி ரொம்ப நேரம் பார்த்தாள். “அப்பாவக் காணோம்.”

“நான் எதுக்குடி அதுல? நீ இருக்க, மீன் இருக்கு.”

“நான் மட்டும் தனியா ஜெஜூ போன மாதிரி இருக்கு.”

“கோபுரம் போனப்ப நல்லாருக்குன்னு சொன்ன?”

“கோபுரம் என்னைக் கூட்டிட்டா போச்சு?”

பழைய படத்தையும் அச்சடித்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

5.

ஞாயிறு மதியம், கடை. கி-தே சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கல்லாவில் தான்பி, எதிரே நான். நடுவில் அறிக்கைப் படிவம். டீச்சர் செய்தி அனுப்பியிருக்கிறார்: நாளை அறிக்கையை வகுப்புத் திரையில் போட்டுக் காட்டலாம், எல்லோரும் தான்பியின் ஜெஜூவைக் கேட்க ஆவலாக இருக்கிறார்கள்.

ஊர் மாறியதைச் சொன்னால் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். ‘விமானம் ரத்து’ என்று ஒரு வரி எழுதினால் போதும். இது கி-தேவுக்கும் தெரியும். ஆனால் திரையைப் பார்க்கப்போவது டீச்சர் மட்டுமல்ல.

படிவத்தில் எல்லாக் கட்டமும் காலி. படம் ஒட்ட ஒரே ஒரு கட்டம். எந்தப் படமோ, அதற்கேற்ற ஊரைத்தான் மற்றக் கட்டங்களில் எழுத முடியும்.

முடிவு (அ): நீலத் தண்ணீர்ப் படம். வகுப்பு கைதட்டுகிறது. பட்டப்பெயர் போகிறது. ஒரு பையன் எழுந்து டால்ஃபின் எங்கே என்று கேட்கிறான். அவள் அதற்கும் ஒன்று சொல்கிறாள், அடுத்த வாரம் இன்னொன்று.

முடிவு (ஆ): அப்பா இருக்கிற படம். வகுப்பு ஒரு கணம் அமைதியாகி, பிறகு எல்லோரும் மனம் மாறி [இதை இதற்கு மேல் எழுத என் கை வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். சிரிப்பார்கள். எத்தனை நாள் என்பதுதான் தெரியாது.]

முடிவு (இ): நான் குறுக்கே புகுந்து நல்ல யோசனை ஒன்று சொல்கிறேன். என்னிடம் இல்லை.

“டாக்டர் தம்பி செஞ்சத ஒட்டு,” என்றார் கி-தே, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வாயப் பொளந்துட்டு நிக்கிறேன் அதுல.”

“நீங்க பேசாதீங்கப்பா.”

“உன் நல்லதுக்குத்தான்டி.”

“தெரியும். பேசாதீங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “சித்தப்பா, நீங்க எங்களப் பத்தி எழுதறீங்களாமே? அதுல நான் எத ஒட்டுவேன்?”

“நீ ஒட்டினதத்தான் எழுதுவேன்.”

“அப்ப நான் உங்களப் பாத்து எழுதவும் முடியாது.” பசைக் குச்சியைத் திறந்தாள். படத்தின் பின்புறத்தில் தடவவில்லை, படிவத்தின் கட்டத்தில் தடவினாள், ஓரம்வரை, கெட்டியாக. “இது எவ்ளோ நேரத்துல காயும்?”

“ஒரு நிமிஷம் இருக்கும்.”

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. கி-தே அதை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

நாளை அந்த வகுப்பில் உட்காரப்போவது நானில்லை, நீங்களும் இல்லை. ஆனால் ஒருவரை அழித்த கை என்னுடையது, அதனால் அவள் எதை ஒட்ட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு படங்களையும் உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். பசை காய ஒரு நிமிடம்தான். இந்தப் பத்தியைப் படித்ததிலேயே அதில் கொஞ்சம் போய்விட்டது.